துமோன் வீட்டுப் பெண்

காரைக்காலில் கால் வைத்ததிலிருந்து எல்லாரும் என்னைச் சனீஸ்வரனிடம் அனுப்பிவைக்கவே பார்த்தார்கள். ஆட்டோக்காரர் பெட்டியைத் தூக்கி வைத்ததுமே, "திருநள்ளாறுதானே?" என்றார். விடுதியில் சாவி கொடுத்த பெண், "தீர்த்தத்துல குளிக்கிறதா இருந்தா வெள்ளன கிளம்பிடுங்கக்கா, அப்புறம் கால் வைக்க எடம் இருக்காது" என்றாள். நான் மாதா கோயிலுக்கு வந்தவள் என்று சொன்னேன். அவள் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். "எந்தச் சாமியா இருந்தா என்ன, சரியாப் போயிடும் போங்க" என்றாள்.

என்ன சரியாகப் போக வேண்டும் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. அந்த ஊரில் யாரிடமும் சொல்வதாக இல்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

நான் பினாங்கில் பள்ளி ஆசிரியை. கல்யாணத்துக்கு முன் என் பெயர் தெரேசா துமோன். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் காரைக்கால் கிறிஸ்தவர்கள் சிலர் வைத்துக்கொண்ட குடும்பப் பெயர்களில் துமோனும் ஒன்று. என் தாத்தா சவரிமுத்து துமோன் மீசை அரும்பும் வயதில் கப்பலேறிப் பினாங்குக்கு வந்தார் என்பதற்கு மேல் அப்பா எங்களுக்கு எதுவும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

இரண்டு மாதங்களுக்கு முன் என் மகன் ஆரோன் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தபோது விழுந்தான். இதயம் நின்றுவிட்டது. ஆட்டம் பார்க்க வந்த ஒருவருக்கு மார்பை அழுத்தி உயிர் மீட்கும் முறை தெரிந்திருந்ததால் இன்று பிழைத்திருக்கிறான். அவன் தோள்பட்டைக்குக் கீழே இப்போது, இதயம் மறுபடி நின்றால் தட்டி எழுப்ப, ஒரு சிறு கருவி இருக்கிறது. காரணம் என்ன என்று மருத்துவருக்கே உறுதியாகத் தெரியவில்லை. காய்ச்சலில் வந்த கிருமியின் வேலையாக இருக்கலாம், இல்லாவிட்டால் பரம்பரையாக வருவதாக இருக்கலாம் என்றார். கிருமி என்றால் அவனோடு போயிற்று. பரம்பரை என்றால் அவன் தங்கை ரேச்சலுக்கும் இருக்கலாம். ரேச்சல் நீச்சல்காரி, மாநில அணித் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தவள். அவளுடைய இதய வரைபடம் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "உங்க ரெண்டு பேர் குடும்பத்துலயும் சின்ன வயசுல திடீர்னு யாராவது செத்திருக்காங்களா, விசாரிச்சுட்டு வாங்க. அதுவரைக்கும் தண்ணியில இறங்க வேணாம்" என்று மருத்துவர் சொல்லியிருந்தார். என் கணவர் ஜோசப்பின் பக்கத்தில் நான்கு தலைமுறை வரை எங்களுக்குத் தெரியும், அப்படி யாரும் இல்லை. தெரியாதது என் பக்கம்தான்.

அதனால்தான் வந்தேன்.

பங்கு அலுவலகத்தில் எழுத்தர் ஜெயராணி என்னைப் பார்த்ததும், "நேஷனாலிட்டிக்கா?" என்றார். பிரெஞ்சுக் குடியுரிமைக்குப் பழைய ஞானஸ்நானச் சான்று தேடி வருபவர்கள்தான் அங்கே அதிகம். எனக்கு முன்னால் பாரிஸிலிருந்து வந்த இரண்டு பெண்மணிகள் உட்கார்ந்து, மேலே பார்த்து, பிரெஞ்சில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஜெயராணி என் பக்கம் சாய்ந்து மொழிபெயர்த்தார்: "அவங்க கல்யாண ஓலை எழுத வந்தப்பவும் இந்த ஃபேன் இப்படித்தான் சுத்துச்சாம். கழட்டிட்டுப் போயி பாரிஸ்ல மாட்டிக்கட்டுமே, யாரு வேணாங்குறா."

மகனின் கல்லூரிப் பாடத்துக்காக வம்சாவளி தேடுகிறேன் என்றேன். வீட்டில் நோய் இருக்கிறது என்று சொன்னால் அது நாளைக்கு ரேச்சலின் கல்யாணத்தில் வந்து நிற்கும். அவளுக்குப் பதினேழு வயதுதான் ஆகிறது, பினாங்குக்கும் காரைக்காலுக்கும் நடுவில் ஒரு கடல் கிடக்கிறது. ஆனாலும் நாங்கள் அப்படித்தான் யோசிப்போம்.

பதிவேடுகளின் ஓரத்தைக் கரையான் அரித்திருந்தது. பிறகு யாரோ பொறுமையாகப் பக்கம் பக்கமாகக் கண்ணாடித் தாள் ஒட்டியிருக்கிறார்கள். ஜெயராணி போனில் வரும் பூசை வேண்டுதல்களைக் குறித்துக்கொண்டே எனக்காக அடக்கப் பதிவுகளில் துமோன்களைத் தேடிக் கொடுத்தார். தாத்தாவின் ஞானஸ்நானம் கிடைத்தது. தகப்பன் இஞ்ஞாசி துமோன் என்று தெளிவாக இருந்தது. இஞ்ஞாசி எண்பதைத் தாண்டிப் போயிருக்கிறார். அவருடைய தம்பியும் அப்படியே. மற்றவர்கள் எல்லாரும் பேரன் பேத்தி எடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.

"ஆயுசு கெட்டி உங்க குடும்பத்துக்கு" என்றார் ஜெயராணி. "எங்க வீட்டுல அறுபதைத் தாண்டுனா கேக் வெட்டுவோம்."

நான் மறுபடி முதல் பக்கத்திலிருந்து பார்க்கச் சொன்னேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி பார்த்தார். இளவயதுத் துமோன் ஒருவர்கூட இல்லை.

ஊரில் மிச்சமிருக்கும் துமோன் லூர்துராஜ் ஒருவர்தான் என்றும், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்றும் ஜெயராணி சொல்லி அனுப்பினார். இங்கே அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்கிறார்கள். ஆட்டோவில் ஏறி, சொல்தா வீடு என்றேன். "எந்தச் சொல்தா? உயிரோட இருக்குற சொல்தாவா?" என்றார் ஓட்டுநர். ஆமாம் என்றேன். "அப்ப பக்கந்தான், நடந்தே போயிடலாம். ஏறிட்டீங்க, இருங்க" என்று ஊரை ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிட்டார்.

லூர்துராஜ் எழுபதைத் தாண்டியவர். நேராக நிமிர்ந்து நடந்தார். நான் சவரிமுத்துவின் பேத்தி என்றதும் ஒரு கணம் தன் மனைவி ரெஜினாவைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் விரித்தார். "நம்ம வீட்டுப் பொண்ணு! கடல் தாண்டி வந்துருக்கு பாரு. வா தங்கச்சி, வா. சவரிமுத்து தாத்தா பேத்தின்னா எனக்குத் தங்கச்சி முறைதானே. ஏ ரெஜினா, இலையப் போடு."

அந்தப் பார்வையை நான் கவனித்தேன். சாப்பாட்டுக்கு ஆள் கூடிவிட்டதே என்ற பார்வை என்று நினைத்துக்கொண்டேன்.

சுறாப்புட்டும் முருங்கைக்காய் போட்ட மீன்குழம்பும் இருந்தன. அது போதாதென்று திருமலைராயன்பட்டினத்திலிருந்து வாடா வாங்கி வரச் செய்தார். அரிசிமாவில் வெங்காயம் போட்டு, மேலே இறால் பதித்துப் பொரித்த பண்டம். பினாங்கில் மலாய்க்காரர்கள் விற்கும் கூச்சூர் ஊடாங்கை அப்படியே தட்டையாக்கியது போல இருந்தது. நான் அதைச் சொன்னதும் லூர்துராஜ், "இங்கேருந்து அங்க போச்சா, அங்கேருந்து இங்க வந்துச்சா?" என்றார். "கப்பல்ல போனவங்க எதையாவது எடுத்துட்டுப் போவாங்க, எதையாவது கொண்டாருவாங்க. எடுத்துட்டுப் போனதுல நீ ஒருத்திதான் இப்பத் திரும்பி வந்துருக்கே."

குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் இறந்ததுண்டா என்று, பாடத்துக்காகக் கேட்பது போலவே கேட்டேன்.

"நம்ம வீட்லயா? எங்க சின்ன தாத்தா தொண்ணூறு வயசுல சைக்கிள்லேருந்து விழுந்து செத்தாரு. அதுவும் சைக்கிள் மேல தப்பு."

ரெஜினா இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

விடுதிக்குத் திரும்பியதும் ரேச்சலுக்குச் செய்தி அனுப்பினேன். நம் பக்கம் யாருக்கும் ஒன்றுமில்லை, டாக்டரிடம் சொல்வோம், அநேகமாக இறங்கலாம் என்று எழுதினேன். உடனே பதில் வந்தது. எழுத்து ஒன்றும் இல்லை, பாய்ந்து குதிக்கும் மீன்களாக அனுப்பியிருந்தாள். அன்றைக்குத்தான் கடற்கரைச் சாலையில் நடந்தேன். பினாங்குக் கடல் நான்கு பக்கமும் மலையும் கட்டடமுமாகத் தெரியும். இங்கே கடலில் எதிர்க்கரை என்று எதுவும் இல்லை. சுண்டல் வாங்கித் தின்றேன். இரண்டு மாதத்தில் முதல்முறையாக ருசி தெரிந்தது.

மறுநாள் விடைபெறுவதற்காக இனிப்போடு சொல்தா வீட்டுக்குப் போனேன். போனதும் தாத்தாவின் படத்தைக் காட்டினேன். பினாங்கு துறைமுகக் கிடங்கு ஒன்றின் முன்னால் கோட்டும் வேட்டியுமாக நின்றிருப்பார். ரெஜினா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "நல்லாயிருந்தாரா கடைசி வரைக்கும்?" என்று கேட்டார். நன்றாக இருந்தார் என்றேன். "அப்ப பலிச்சுருக்கு" என்றார்.

என்ன பலித்தது என்று கேட்டேன். லூர்துராஜ் தொண்டையைக் கனைத்தார். ரெஜினா எழுந்து அடுப்படிக்குப் போனார்.

எனக்கு என்ன தோன்றியது என்று தெரியவில்லை. ஆரோனைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். விழுந்ததை, அழுத்தியதை, கருவியை, ரேச்சல் தண்ணீருக்காகக் காத்திருப்பதை. பள்ளியில் பாடம் ஒப்பிப்பது போல வரிசையாகச் சொன்னேன், குரல்கூட மாறவில்லை. ரெஜினா அடுப்படி வாசலில் கையில் கரண்டியோடு நின்று கேட்டார். பிறகு கணவரைப் பார்த்து, "சொல்லுங்க அதுகிட்ட" என்றார்.

"அத எப்படிடி நம்ம வாயால..."

"புள்ளைங்க உசுரு சமாசாரம். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

லூர்துராஜ் சொன்னார். என் தாத்தா துமோன் இல்லை. பூவத்தில் அடைக்கலம் என்பவரின் பிள்ளை. அந்த வீட்டில் அவருக்கு முன்னால் பிறந்த ஆண் பிள்ளைகள் வாலிபம் வருவதற்குள் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். அப்படிப் போகும் வீட்டில் அடுத்த பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றுவிடுவது வழக்கம். கொடுப்பவர்கள் ஒரு படித் தவிடு வாங்கிக்கொள்வார்கள், பிள்ளை அடுத்த வீட்டுப் பிள்ளையாகிவிடும். சாவு தேடி வந்தால் அடையாளம் தெரியாமல் திரும்பிப் போகும் என்று கணக்கு. பெரும்பாலும் அது பேருக்குத்தான் நடக்கும், பிள்ளை தாயிடமே வளரும். தவிடு கொடுத்து வாங்கிய இஞ்ஞாசி துமோன் மட்டும் ஒரு படி மேலே போனார். கோயிலில் தன் பிள்ளை என்றே பதிந்து, தன் குடும்பப் பெயரையும் கொடுத்துவிட்டார். வளர்ந்ததும் அவர்தான் கப்பலுக்கும் ஏற்பாடு செய்தாராம்.

"வாங்கின புள்ளைய வாங்கினதுன்னு சொல்லக்கூடாது" என்றார் லூர்துராஜ். "சொன்னா, மறைச்சதெல்லாம் வீணாப் போயிடும். எங்க அப்பா சாகுற வரைக்கும் வெளிய யார்கிட்டயும் சொன்னதில்ல. நீ வந்து நின்னப்ப, துமோன் வீட்டுப் பொண்ணுன்னுதான் சொல்லணும். அதுதானே மரியாதை."

ஆக, நான் ஒரு பொய்யோடு அவர் வீட்டுக்குள் போனேன். அவர் ஒரு மரியாதையோடு என்னை வரவேற்றார். இரண்டுக்கும் நடுவில் என் மகளுக்குத் தண்ணீரில் இறங்கலாம் என்று செய்தி போயிருந்தது.

பூவத்தில் அந்த வீடு இன்னும் இருக்கிறது என்றார்கள். நான் பேசும் வரை தண்ணீரில் இறங்காதே என்று ரேச்சலுக்கு ஒரு வரி மட்டும் அனுப்பினேன். இனிப்புப் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு நேராகப் பேருந்து நிலையத்துக்குப் போனேன். சனிக்கிழமை. நின்றிருந்த கூட்டம் என்னை ஒரு பேருந்துக்குள் ஏற்றியது. நானாக ஏறினேன் என்று சொல்ல முடியாது. திருநள்ளாற்றில் கூட்டம் மொத்தமும் இறங்கியது. எனக்கு உட்கார இடம் கிடைத்தது. ஜன்னலில் வயலும் வாய்க்காலும் போய்க்கொண்டே இருந்தன. எவ்வளவு நேரம் வெளியே பார்த்திருந்தேன் என்று தெரியவில்லை. நடத்துநர் வந்து, "அம்பகரத்தூர் கோயில் எறங்கணுமாம்மா?" என்றார். பூவம் என்றேன்.

"பூவமா! அது வடக்கே, தரங்கம்பாடி ரோடு. நீங்க மேக்கால வந்துட்டீங்களே." பின்னாலிருந்து ஒருவர், "பூவத்துல எறங்குறவங்க எல்லாம் கடைக்குத்தான் எறங்குவாங்க. அம்மா எதுக்குப் போறாங்களோ" என்றார். எல்லைக்கு அந்தப் பக்கத் தமிழ்நாட்டு ஆட்கள் சாராயம் வாங்க வந்து இறங்கும் ஊராம். பேருந்தே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்ததால் இறங்கிக்கொண்டேன். கோயிலுக்கு எதிரே ஒரு டீ குடித்துவிட்டு, வந்த வழியே திரும்பினேன்.

பூவத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அடைக்கலம் வீட்டில் இப்போது இருப்பவர் பிலோமினா. அங்கன்வாடி ஆசிரியை, என்னைவிடச் சில வயது இளையவர். கணவர் குவைத்தில் இருக்கிறார். மகள் ஜெனி பன்னிரண்டாம் வகுப்பு. நான் யார் என்று விளக்கி முடிப்பதற்குள் பிலோமினா விரலை மடக்கி முறை பார்த்துவிட்டார். "உங்க தாத்தாவுக்கு அடுத்துப் பொறந்தவருதான் எங்க தாத்தா. அப்ப நீங்க அக்கா. உள்ள வாங்கக்கா, வாசல்லயே நின்னா எப்படி."

"தவிட்டுக்குக் குடுத்த வீடா?" என்றாள் ஜெனி, கண்களை அகல விரித்து. "கதைன்னு நெனச்சேன்மா."

"வாய மூடு. போயி காபி போடு."

நான் சுற்றி வளைக்கவில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகள் எப்படிச் செத்தார்கள் என்று கேட்டேன்.

"ஆத்துலக்கா" என்றார். ஊருக்கு வடக்கே நண்டலாறு ஓடுகிறது. "எங்க வீட்டுக்கு அந்த ஆறு ஆகாது. அப்ப போனவங்க எல்லாம் அதுலதான். எங்க தாத்தாவைக் கரைப் பக்கமே விடாம வளத்தாங்க, அவரு தப்பிச்சாரு. அப்புறம் எங்க அண்ணன். பத்தாவது படிச்சுட்டு இருந்துச்சு. எங்க அம்மாவுக்குத் தெரியாம நீச்சல் கத்துக்கிச்சு."

சரியாக நீந்தத் தெரியாமல் போய்விட்டாரா என்று கேட்டேன்.

"யாரு, அதுவா? மீன் மாதிரிக்கா. வெள்ளத்துலயே இக்கரைக்கும் அக்கரைக்கும் போயி வரும். அன்னைக்கு இடுப்பளவு தண்ணி. பந்தயம் வுட்டு நீந்திட்டு இருந்தவன் நடுவுல அப்படியே கவுந்துட்டான்னு கூட இருந்தவங்க சொன்னாங்க. கத்தல, கைகால் அடிக்கல. ஆறு புடிச்சு வெச்சுக்கிச்சுன்னு ஊரே சொல்லுச்சு. பழைய ஆளுங்களும் அப்படித்தானாம், எல்லாரும் நல்லா நீந்துறவங்க."

மருத்துவர் என்னிடம் படம் வரைந்து விளக்கியிருந்தார். பரம்பரையாக வரும் அந்த வகை இதயம் ஓடும்போது நிற்கலாம், திடுக்கிடும்போது நிற்கலாம், எல்லாவற்றையும்விட நீந்தும்போது நிற்கலாம். காலம் காலமாக ஆற்றின் மேல் எழுதிவந்த பழியைத் துமோன்களின் பக்கங்களில் தேடிக்கொண்டிருந்தேன். அடைக்கலம் வீட்டுப் பெயர்கள் அந்தப் பதிவேட்டில் இருந்திருந்தாலும் நான் கடந்துதான் போயிருப்பேன். ஆற்றில் போனவர்களை யார் இதயக் கணக்கில் சேர்ப்பார்கள்?

பிலோமினாவிடம் அதைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "அப்ப ஆறு ஒண்ணும் செய்யலையா?" என்று இரண்டு தடவை கேட்டார். அண்ணனைக் கொன்றது என்று இவ்வளவு காலம் அவர் திட்டிவந்தது அந்த ஆற்றைத்தான். சட்டென்று விட்டுவிட முடியவில்லை.

"அம்மாவுக்கு மழைத்தண்ணியே ஆகாது பெரியம்மா" என்றாள் ஜெனி காபியை நீட்டியபடி. "எனக்குக் குளிக்கக்கூட வாளித் தண்ணிதான். ஸ்கூல்ல ஸ்போர்ட்ஸ் டேயில நான் மயக்கம் போட்டு விழுந்ததுக்கும், எங்கயாவது தண்ணியில நின்னியாடின்னு அடிச்சாங்க."

நான் காபியைக் கீழே வைத்தேன். எப்போது விழுந்தாய், என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டேன். போன வருடம், ஓட்டப்பந்தயத்தில், பாதித் தூரத்தில். ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா? "மாதா கோயில்ல மந்திரிச்ச எண்ணெய் தடவுனோம், எழுந்துருச்சு" என்றார் பிலோமினா. என் முகத்தைப் பார்த்துவிட்டு, தானாகவே எழுந்து மகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

திங்கட்கிழமை மூவரும் காரைக்காலில் இதய மருத்துவரைப் பார்ப்பது என்று முடிவாயிற்று. ஜெனிக்கும், பிலோமினாவுக்கும் வரைபடம் எடுக்க வேண்டும். அதுவரை ஓடக்கூடாது என்று ஜெனியிடம் சொன்னேன். "ஓடவும் கூடாதா? தண்ணிதான் இல்லேன்னு பாத்தா இப்ப தரையும் போச்சு" என்றாள். அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டுதான் சொன்னாள்.

பிறகு கொல்லைப்புறம் போய் ரேச்சலை அழைத்தேன். அங்கே இருட்டிவிட்டது. பின்னால் தொலைக்காட்சிச் சத்தமும், ஆரோன் ஏதோ கேட்பதும் காதில் விழுந்தன. முதலில் அனுப்பிய செய்தி தவறு என்றேன். துமோன், தவிடு, ஆறு எல்லாவற்றையும் சுருக்கமாகச் சொன்னேன். அவள் குறுக்கே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அந்தப் பசங்க எல்லாருக்கும் நல்லா நீந்தத் தெரியுமாம்மா?"

"தெரியும்."

தொலைக்காட்சிச் சத்தம் குறைந்தது. அறைக் கதவைச் சாத்தியிருப்பாள்.

"கோச்சுகிட்ட நானே சொல்லிக்கிறேன். நீங்க அவருக்கு ஒண்ணும் மெசேஜ் போடாதீங்க."

"சரி."

"அண்ணன்கிட்டயும் நானே சொல்றேன்."

சரி என்றேன். அதற்குப் பிறகும் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. கடைசியில் அவள்தான் வைத்தாள்.

பிலோமினா கிணற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "என்னக்கா சொல்லுது பொண்ணு?"

"சரின்னு சொல்லிடுச்சு."

"அழுதுச்சா?"

"எனக்குக் கேக்குற மாதிரி அழல" என்றேன்.